சமூகக் கலைப்பணியில் இறங்குவோர் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

அண்மையில் சிங்கப்பூரில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இளங்கலைஞர்கள் மூவர் நடத்திய பட்டறைக்குச் சென்றிருந்தேன். மூத்தோரிடம் பழைய பொருள்களை வாங்கி, பெயர் ஒட்டி, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “எப்போது திருப்பித் தருவீர்கள்?” என்று ஒரு பாட்டி கேட்டார். “கண்காட்சி முடிந்ததும், பாட்டி” என்று சொல்லிப் பெட்டியை மூடினார்கள். 12 ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். நிதி விண்ணப்பத்தைத் தேதி தவறாமல் அனுப்புவது போன்றவற்றை எவரும் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

இரவல் பொருளைச் சொந்தப் பொருளாக நினைப்பது

அப்போது, வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றி ஒரு நிறுவல் கலைப்படைப்பு (பொருள்களை ஓரிடத்தில் அமைத்துக் காட்டும் படைப்பு) செய்துகொண்டிருந்தேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்த தம் கணவரின் மூன்றடுக்குத் தூக்குச்சட்டியை ஓர் அம்மா எனக்குத் தந்தார். மேலடுக்கின் விளிம்பில் கணவர் ஆணியால் கீறிய பெயரெழுத்து இருந்தது. அந்த எழுத்துக்கு ஒரு கீறலும் படாமல் பார்த்துக்கொண்ட நான், அடுக்குகளைத் தனித்தனியே தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் துளையிட்டு விளக்குப் பொருத்தினேன். தரையில் விழுந்த ஒளிப்புள்ளிகளைப் பலரும் பாராட்டினார்கள். திறப்பு நாளன்று அந்த அம்மா அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இனி இதில் ரசம் நிற்காதே, தம்பி” என்றார். மகள் வீட்டுக்கு ரசம் கொண்டுபோக அவர் அதைத்தான் எடுப்பார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் என்னிடம் இருந்தது. மாற்றியமைக்கும் உரிமையும் அதில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் நான் தமிழில் அவரிடம் சொன்னது, “கண்காட்சியில் வைப்போம்” என்ற ஒரே வரிதான். மறு ஆண்டு அதே புளோக்கில் பட்டறை அறிவித்தபோது, அவரும் வரவில்லை, அவருடைய தோழிகளும் வரவில்லை.

இந்தத் தவறை இன்றும் பிறர் செய்யக் காணும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனெனில் இதைத் தவிர்க்க அரை மணி நேரம் போதும். பொருள் கொடையா இரவலா, அதை வெட்டவோ துளைக்கவோ பூசவோ போகிறோமா, எந்தத் தேதியில் யார் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார் என்பதையெல்லாம் கொடுப்பவரின் மொழியிலேயே எழுதி, ஒரு படியை அவரிடம் விட்டு வர வேண்டும். படைப்பின் போக்கு பாதியில் மாறினால், மறுபடியும் போய்க் கேட்க வேண்டும். அவர் தயங்கினால், கடையில் வேறொரு தூக்குச்சட்டியை வாங்கித் துளைக்கலாம். குரலுக்கும் இதே முறைதான்: தங்குவிடுதியில் ஒரு வெளிநாட்டு ஊழியர் தம் தாயிடம் பேசுவதைப் பதிவு செய்தால், தொகுத்து முடித்த பதிவை அவர் கேட்டு ஒப்பிய பிறகே காட்சிக்கூடத்தில் ஒலிக்கவிட வேண்டும்.

குப்பையைப் பற்றிப் பேசுவதற்காகக் குப்பை சேர்ப்பது

சுற்றுச்சூழல் படைப்புக்கென்று புதிய நெகிழிப் போத்தல்களை வாங்குவோர் இருக்கிறார்கள். நம் எரிஆலைகளின் சாம்பல் சென்று சேரும் செமாக்காவ் குப்பை நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. 1979இல் சிங்கப்பூர்க் கலைஞர் தாங் டா வூ, கட்டுமானத்துக்காகத் திருத்தப்பட்டுவந்த அங் மோ கியோ நிலத்தின் மண்ணரிப்புப் பள்ளங்களில் துணிகளைத் தொங்கவிட்டார். சேறும் மழையும் வெயிலும் அவற்றில் பதித்த கறைகளே படைப்பாயின. நிலத்துக்குச் சொல்ல இடம் கொடுத்த அந்தப் பொறுமையைத்தான் மாணவர்களுக்கு முதலில் காட்டுகிறேன்.

முடிவை எழுதி வைத்துக்கொண்டு மக்களை அழைப்பது

1996இல் சிங்கப்பூர்க் கலைஞர் அமண்டா ஹெங், வந்தவர்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து, முளைப்பயற்றின் வாலைக் கிள்ளியபடி பேசிக்கொண்டிருந்தார். அந்த உரையாடலே படைப்பு. கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானே வரும். கேள்வித்தாளை நீட்டினால் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் மட்டுமே வரும்.

பள்ளிப் பட்டறையில் ஆசிரியரை ஓரமாக உட்கார வைப்பது

நீங்கள் போன பிறகும் பிள்ளைகளோடு இருப்பவர் அவர். திட்டமிடும் நாளிலேயே அழையுங்கள்.

வந்ததும் கேமராவை எடுப்பது

வேண்டாம்.

திருப்பித் தருவதற்குப் பணம் ஒதுக்காதது

பொதி, வண்டிக் கூலி, ஒரு நாள் வேலை ஆகியவற்றுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் முதலிலேயே இடம் வையுங்கள். தூக்குச்சட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்து, துளைகளை ஈயம் வைத்து அடைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஈயம் ஆகாது என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். இப்போது அதில் வற்றல் மிளகாய் போட்டு வைத்திருக்கிறார்.