ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் படகேறுவோர் செய்யும் தவறுகள்

லைஃப் ஜாக்கெட்டைப் பேருக்கு மாட்டிக்கொள்வதுதான் அடிக்கடி கண்ணில் படும் தவறு. மேல் கிளிப்பை மட்டும் போட்டுவிட்டு, போட்டோவுக்கு மறைக்கிறதே என்று ஜாக்கெட்டின் மேல் சால்வையைச் சுற்றிக்கொள்வார்கள். ஸ்வெட்டரும் ஜெர்கினும் உள்ளே, ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே; அதுதான் முறை. எல்லா கிளிப்பும் போட்டு வாரை இறுக்கியதும், யாராவது ஒருவர் தோள்பக்கம் பிடித்து ஜாக்கெட்டை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அது தாடையைத் தாண்டிக் காதுவரை வந்தால் அளவு பெரிது. தண்ணீரில் ஆள் கீழே நழுவ, ஜாக்கெட் மட்டும் மிதக்கும். குழந்தைக்கு, தொடைக்கிடையே வார் போகும் சின்ன அளவைக் கேளுங்கள். இல்லையென்றால் குழந்தை கரையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது எடை. படகுத்துறையிலிருந்து விளிம்பில் கால் வைத்தால் படகு சாய்ந்துகொண்டே துறையை விட்டு விலகும். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. பையை முதலில் கொடுத்துவிட்டு, குனிந்து, நடுவில் கால் வைத்து, உடனே உட்காருங்கள். பெடல் படகில் கால் வலிக்கிறதென்று நடு ஏரியில் இடம் மாறுவதும், செல்ஃபிக்காக எழுந்து நிற்பதும் ஒரே தவறுதான்: எடை உயரே போகப் போகக் கவிழ்வது சுலபம். பெரிய படகும் விலக்கல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

ஃபைபர் படகின் அடிப்பகுதியில் விரிசல் வழியே நீர் புகுந்திருந்தால் மேலே இருந்து தெரியாது. ஆட்டினால் மந்தமாகச் சாய்ந்து, நிமிரத் தாமதிக்கும். அந்தப் படகு வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். ஊட்டி அருகே பைக்காரா ஏரியில் மோட்டார் படகின் அலை வந்தால், பக்கவாட்டில் வாங்காமல் முனையை அலைப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இடி கேட்டாலோ மூடுபனி இறங்கினாலோ பாக்கி நேரத்தை மறந்து கரை சேருங்கள்.

கவிழ்ந்துவிட்டால், கரை பக்கம்தானே என்று நீந்திப் போவது பெரிய தவறு. மலை ஏரியின் குளிர் நீரில் விழுந்ததும் மூச்சு தானாக வாரி இழுக்கும்; முதல் நிமிடம் முகத்தை மேலே வைத்து மூச்சைச் சீராக்குவதே வேலை. குளிர் ஏற ஏறக் கை, கால் சொன்னபடி கேட்காது. படகைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள். உதவப் போகிறவர் குதிக்கக் கூடாது. துடுப்பையோ கயிற்றையோ நீட்டலாம். ஆளைச் சிறு படகின் பக்கவாட்டில் இழுத்தால் அதுவும் கவிழும். பின்புறமாக ஏற்ற வேண்டும், மோட்டார் இருந்தால் முதலில் அணைத்துவிட்டு.

கரையேறியவருக்குப் பிராந்தி கொடுப்பது பழைய வழக்கம். அது தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி, உடம்புச் சூட்டை வெளியே விடும். ஈரத் துணியைக் கழற்றி, துடைத்து, கம்பளியால் போர்த்தி, 108-க்கு அழையுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடான, இனிப்பான டீ கொடுக்கலாம்.