கேட் தாழ்ப்பாள் ராடின் முனையை உருட்ட ஒரு சின்ன மெஷின்: செய்முறை

கேட் தாழ்ப்பாளுக்கு வெட்டிய 12 மி.மீ. ராடின் முனை மொட்டையாக இருந்தால், தூணில் உள்ள துளைக்குள் நேராகப் போகாது. விளிம்பில் முட்டி நிற்கும், நாளடைவில் துளையையும் சிதைக்கும். கையில் பிடித்துச் சாணையில் உருட்டினால் முனை கோணல்மாணலாக வரும், பத்து ராடு செய்தால் பத்தும் பத்து விதமாக இருக்கும். பெல்ட் கிரைண்டர் (சாணைத்தாள் பட்டை ஓடும் மெஷின்) முன்னால் வைக்க ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டால் எல்லா முனையும் ஒரே மாதிரி, சுத்தமான அரைக்கோளமாக வரும். புதிதாகப் பட்டறை வேலை பழகுகிறவர்களும் இதைச் செய்யலாம்.

இது வேலை செய்யும் விதம் எளிது. ராடு தன் அச்சில் சுழல வேண்டும். அதே சமயம், ராடைத் தாங்கும் இரும்புக் கை ஒரு செங்குத்தான முளையை, அதாவது பின்னைச் சுற்றி 90 டிகிரி திரும்ப வேண்டும். இரண்டு விஷயம் சரியாக இருந்தால் போதும். ஒன்று, பின்னின் நடுவிலிருந்து பெல்ட்டின் முகம் வரை உள்ள தூரம் ராடின் விட்டத்தில் பாதியாக இருக்க வேண்டும். 12 மி.மீ. ராடுக்கு 6 மி.மீ. இரண்டு, ராடின் அச்சு பின்னின் நடுவுக்கு நேர் மேலே போக வேண்டும். மெஷின் பார்க்க எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடித்தட்டும் கையும்

8 மி.மீ. தடிமனுள்ள இரும்பு பிளேட்டை பெல்ட்டுக்கு முன்னால் படுக்கையாகப் பொருத்துங்கள். பிளேட்டின் விளிம்புக்கும் பெல்ட்டுக்கும் 1.5 மி.மீ. இடைவெளி போதும். பெல்ட்டின் இடது விளிம்புக்குப் பக்கமாக, பெல்ட்டிலிருந்து 6 மி.மீ. தள்ளி, பின்னுக்கு 5 மி.மீ. துளை போடுங்கள். பெல்ட்டுக்குப் பின்னால் தட்டையான இரும்புத் தாங்கல் கட்டாயம் இருக்க வேண்டும். தாங்கல் இல்லாத இடத்தில் பெல்ட் உள்வாங்கிவிடும், அப்புறம் அளவு நிற்காது.

கைக்குப் பட்டை இரும்பு எடுத்துக்கொள்ளலாம். அது இந்தப் பின்னில் மாட்டித் திரும்பும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கை முழுசாகத் திரும்பும்போது ராடு பெல்ட்டுக்கு இணையாக, ஒட்டி நிற்கும். அந்த நிலையில் கையின் எந்தப் பகுதியும் பெல்ட்டைத் தொடக் கூடாது. அதனால் கையின் பெல்ட் பக்கத்து ஓரம் நடுக்கோட்டிலிருந்து 4.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மறுபக்கம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி.

ராடு சுழல 6001 பேரிங் இரண்டு வாங்குங்கள். உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28 மி.மீ. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சாணைத் தூள் உள்ளே போய்விடும். இரண்டும் உட்காரும் பிளாக்கை லேத் பட்டறையில் ஒரே பிடியில் கடைந்து வாங்குவது நல்லது. பேரிங் ராடைவிடப் பெரியது என்பதால், கை திரும்பும்போது பிளாக் பெல்ட்டுக்கு வெளியே நிற்கும் அளவுக்கு அதைக் கையின் மேல் பின்னால் தள்ளிப் பொருத்துங்கள். ராடு பிரைட் பாராக (வழவழப்பாக, சரியான அளவில் வரும் ராடு) இருக்கட்டும். கறுப்பு ராடு பேரிங்கில் சரியாக உட்காராது. ஜிங்க் பூசிய ராடை அரைக்காதீர்கள், அந்தப் புகையும் தூளும் உடம்புக்கு ஆகாது.

தூரம் வைப்பது

பிளக்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். 5 மி.மீ. பின் ஒன்றை அடித்தட்டுத் துளையில் நிமிர்த்தி வையுங்கள். பின்னின் பாதி 2.5 மி.மீ., ஆகவே பின்னுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் 3.5 மி.மீ. இருக்க வேண்டும். 3.5 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தை அந்த இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். பெல்ட்டை விரலால் தாங்கலோடு அழுத்தியபடி, பிட் லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. 80 நம்பர் பெல்ட்டைக் கழற்றி 120 போடும்போது தடிமன் மாறும், அப்போதும் இதே சோதனை.

அரைப்பது

அரைக்கோளமாக்க, முனையின் கடைசி 6 மி.மீ. நீளத்தில் உள்ள இரும்பில் மூன்றில் ஒரு பங்கு போயாக வேண்டும். அதை முழுக்க பெல்ட்டில் தின்ன விடாதீர்கள். முதலில் சாதாரண சாணையில் முனையின் விளிம்பை 45 டிகிரிக்கு 3 மி.மீ. சாய்த்து எடுங்கள். 3.5 மி.மீ.க்கு மேல் போனால் உருண்டைக்குள்ளேயே வெட்டிவிடும்.

இப்போது முனையில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசுங்கள். ராடின் பின்முனையை பேட்டரி டிரில்லின் சக்கில் பிடித்து, மெதுவான கியரில், டிரிக்கரைப் பாதி மட்டும் அழுத்திச் சுழற்றுங்கள். பெல்ட் கீழ்நோக்கி ஓடினால், பெல்ட்டைத் தொடும் பக்கம் மேல்நோக்கி வரும்படி ராடு சுழலட்டும். ராடு பெல்ட்டை நேராகப் பார்த்து நிற்கும் நிலையிலிருந்து 90 டிகிரிக்கு நிதானமாகப் போய்த் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு முறை போய்த் திரும்பியதும் ராடை அரை மி.மீ. முன்னால் தள்ளுங்கள். நடுவில் உள்ள கறுப்பு வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து புள்ளியாகி மறையும். அந்த நொடியில் நிறுத்துங்கள். பேரிங்குக்குப் பின்னால் ராடில் ஒரு காலரை (ஸ்க்ரூ வைத்த வளையம்) இறுக்கி வைத்தால், அடுத்த ராடை எதுவரை தள்ளுவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

கண்ணாடி போடாமல் ஆரம்பிக்காதீர்கள். கையுறை வேண்டாம், சுழலும் ராடு அதைச் சுருட்டி இழுக்கும். பெல்ட்டை முன்பு மரத்துக்குப் பயன்படுத்தியிருந்தால், தூள் பையைக் கழற்றி மரத்தூளை முழுக்கத் துடைத்துவிடுங்கள். இரும்புப் பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும்.

முனை சரியாக வரவில்லை என்றால்

உருண்டையும் ராடும் சேரும் இடத்தில் படி விழுந்தால், பின்னின் நடு பெல்ட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே கூரான விளிம்பு தெரிந்தால், தூரம் அதிகம். உச்சியில் சின்ன மொட்டை நிற்கிறது, எவ்வளவு தள்ளினாலும் ராடின் நீளம் குறைகிறதே தவிர மொட்டை போகவில்லை என்றால், ராடின் அச்சு பின்னின் நடுவை விட்டு பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் விலகியிருக்கிறது. பேரிங் பிளாக்கை பெல்ட் பக்கமாக நகர்த்துங்கள். உச்சி கூம்பாக வந்தால் எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். மெல்லிய தகரத் துண்டைச் சொருகி நகர்த்துவதே வசதி, ஏனென்றால் இங்கே கால் மி.மீ. கூடக் கண்ணுக்குத் தெரியும்.

16 மி.மீ. ராடுக்கு அடித்தட்டை 2 மி.மீ. பின்னால் தள்ளினால் தூரம் 8 ஆகிவிடும். 16 மி.மீ. உள்விட்டத்தில் பேரிங் சுலபமாகக் கிடைக்காது, பேரிங்குக்குப் பதிலாகப் பித்தளை புஷ் (ராடு உள்ளே சுழலும் குழாய்) கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.