ஃபைல் லிஸ்ட்ட மொத்தமா திறந்துட்டு கன்சோல திட்டாதீங்க

எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டி கன்சோல்ல (ஆபீஸ் மெஷின் எல்லாத்தோட பாதுகாப்பையும் ஒரே இடத்துல பாக்குற ஸ்கிரீன்) ஃபைல் இன்வென்ட்டரி பேஜ, அதாவது எல்லா மெஷின்லயும் இருக்குற ஃபைல் லிஸ்ட்ட திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு, கடைசில டைம் அவுட் ஆகுதுன்னு புலம்புறவங்க நிறைய பேர். ஒரு கணக்கு போட்டு பாருங்க, ஒரு மெஷின்ல இஎக்ஸ்இ, டிஎல்எல் மாதிரி புரோகிராம் ஃபைல் எல்லாம் சேத்து 20,000 ஃபைல்னு வச்சுக்குவோம், 1,000 மெஷின்னா 2 கோடி வரிசை ஆச்சு, அத ஃபில்டரே போடாம திறந்து அதுக்கு மேல தேதி வாரியா சார்ட் வேற பண்ணா பின்னாடி இருக்குற டேட்டாபேஸ் என்னதான் செய்யும் பாவம்.

பாதி பிரச்சன தப்பான பேஜ்ல தேடுறதுதான். கார்பன் பிளாக் ஆப் கன்ட்ரோல்ல (மெஷின்ல எந்த புரோகிராம் ஓடலாம்னு கட்டுப்படுத்துற சாஃப்ட்வேர், பழைய பேர் பிட்9) ஃபைல் கேட்டலாக்னு ஒண்ணு, ஃபைல்ஸ் ஆன் கம்ப்யூட்டர்ஸ்னு ஒண்ணு இருக்கும். மொதல்ல சொன்னதுல ஒரு ஹேஷுக்கு (ஃபைல் உள்ள இருக்குறத வச்சு கணக்கு போட்டு எடுக்குற கைரேகை மாதிரி) ஒரு வரிசை, ரெண்டாவதுல ஒவ்வொரு மெஷின்ல கெடக்குற ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு வரிசை. இது நம்மகிட்ட இருக்கா, எத்தன மெஷின்ல இருக்குன்னு மட்டும் தெரியணும்னா கேட்டலாக் போதும், எந்த மெஷின்ல எந்த ஃபோல்டர்லன்னு வரும்போது அடுத்ததுக்கு போங்க. ஹேஷ் கைல இருக்கும்போது பேர வச்சு 'கன்டெய்ன்ஸ்'னு தேடாதீங்க, அதுக்கு இன்டெக்ஸ் உதவாது, மொத்த டேபிளையும் படிச்சாகணும்.

அடுத்தது ரொம்ப பேர் பண்றது, லிஸ்ட் பெருசா இருக்குன்னு டிஜிட்டல் சைன் பண்ண (தயாரிச்ச கம்பெனி இது எங்களுதுதான்னு முத்திரை போட்ட) ஃபைல் எல்லாத்தையும் ஒரேடியா மறைச்சிடுறது. லிஸ்ட் சட்டுனு சின்னதாகும், பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா 2017ல சிகிளீனர்ங்குற கம்ப்யூட்டர் கிளீனிங் சாஃப்ட்வேரோட 5.33 வெர்ஷன்ல மால்வேர் ஏறி வந்தப்ப அதுல கம்பெனியோட ஒரிஜினல் சைன் இருந்துச்சு, 2020ல நெட்வொர்க் கண்காணிப்பு சாஃப்ட்வேர் கம்பெனி சோலார்விண்ட்ஸோட மால்வேர் ஏறுன டிஎல்எல்லும் அப்படித்தான். அட, அந்த பிட்9 கம்பெனியோட சர்டிஃபிகேட்டயே திருடி மால்வேருக்கு சைன் போட்டாங்க, 2013 பிப்ரவரில அவங்களே வெளிய சொன்னாங்க! நிறைய மெஷின்ல இருக்கு அதனால நல்லதுதான்னு ஒதுக்குறதும் இதே கதைதான், சிகிளீனர் கெடக்காத மெஷினா. அதனால சைன் ஆனத ஒதுக்குங்க, வேணாம்னு சொல்லல, ஆனா சைன் ஆகி இந்த வாரம் புதுசா தலகாட்டுனது மட்டும்னு தனியா ஒரு வியூ வச்சுக்கோங்க, அது சின்ன லிஸ்ட்டாத்தான் வரும்.

செலக்ட் ஆல் அடிச்சு மொத்த லிஸ்ட்டுக்கும் அப்ரூவ் (ஓடலாம்னு அனுமதி) குடுக்குறத பத்தி நீட்டி சொல்ல ஒண்ணுமில்ல, பண்ணாதீங்க. ஃபைல் பேர வச்சு பேன் (ஓடக்கூடாதுன்னு தடை) பண்றதும் வேஸ்ட், ரீநேம் பண்ணா முடிஞ்சுது.

கன்சோல் ஸ்லோ, எக்ஸெல்ல பாத்துக்கலாம்னு எக்ஸ்போர்ட் பண்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, எக்ஸெல் ஷீட்ல 10,48,576 வரிசைக்கு மேல நிக்காது. ஒரு வார்னிங் வரும், நம்மாளு ஓகே அழுத்திட்டு போய்டுவாரு, மிச்சம் காணாம போயிருக்கும். 2020ல இங்கிலாந்துல பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்டோட 65,536 வரிசை லிமிட்டால கிட்டத்தட்ட 16,000 கோவிட் கேஸ் கணக்குல விட்டுப்போச்சு. எக்ஸ்போர்ட் பண்ணிதான் ஆகணும்னா கன்சோல்லயே ஃபில்டர் போட்டு சுருக்கிட்டு எடுங்க.

சேவ் பண்ண வியூவுக்கு பேர் வைக்கிறதுலயும் கோட்ட விடுவாங்க. 'டெஸ்ட்', 'நியூ வியூ 2'ன்னு வச்சிட்டு போனா, நைட் ஷிஃப்ட்ல வர்றவரு உள்ள 7 நாள் ஃபில்டர் ஒளிஞ்சிருக்குறது தெரியாம, தேடுன ஃபைல் இல்லன்னு டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிடுவாரு. 'கடைசி 7 நாள், அப்ரூவ் ஆகாதது, சர்வர் மட்டும்'னு ஃபில்டரயே பேரா வச்சிடுங்க, நீளமா இருந்தா இருந்துட்டு போகட்டும்.