ஊரிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்து வரும்போது தவிர்க்க வேண்டிய விசா தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்பட்டணங்களில், தமிழ்நாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுப்பது பெரும்பாலும் சொந்தத்துக்குள் முடிகிற காரியம். பெரியவர்கள் பேசி முடிப்பார்கள், தமிழ்நாட்டில் முத்திரைத்தாளில் தத்துப் பத்திரம் எழுதுவார்கள், குழந்தையும் சிரமமில்லாமல் வந்து இறங்கிவிடும். சிக்கல் தொடங்குவது முப்பதாம் நாள்.

இந்தியக் கடப்பிதழுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா தரும் 30 நாள் விசா விலக்கு, வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கானது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டமோ, நீதிமன்ற ஆணைக்கு முன் குழந்தை குறைந்தது 3 மாதம் தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும் என்கிறது. வழக்கறிஞர் வேண்டாம், தேசியப் பதிவிலாகாவிலேயே பதிந்துகொள்ளலாம் என்றால் 2 வருடம். இரண்டில் எதுவும் 30 நாளுக்குள் அடங்காது. ஆகவே குழந்தை விமானம் ஏறும் முன்பே, நீண்டகால சமூக வருகைப் பாஸுக்கு என்னென்ன கேட்பார்கள் என்று குடிநுழைவுத் துறையில் விசாரித்துவிடுங்கள். அனுமதி முடிந்தபின் தங்குவது குற்றம். கைக்குழந்தை என்பதால் தேதி நகராது.

நீதிமன்ற வழியில் பலர் கோட்டைவிடும் இன்னொன்று: மனு செய்யப்போவதைச் சமூக நலத்துறைக்கு ஆணைக்கு 3 மாதம் முன்பே தெரிவித்திருக்க வேண்டும். வழக்குக் கோப்பு தயாராகட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டால், அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை.

இந்தியப் பக்கம் பெரிய குழி ‘முறை’தான். பெரியப்பா மகனின் பிள்ளை நமக்கு மகன் முறை. ஆனால் இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், தத்தெடுப்பில் உறவினர் என்று ஏற்பது குழந்தையின் பெற்றோருடைய உடன்பிறந்தவர்களையும் தாத்தா பாட்டிகளையும் மட்டுமே. நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருந்தால் 60ஆம் பிரிவின் வரிசை இது: மாவட்ட ஆட்சியரின் ஆணை, அதன்பின் டெல்லியிலுள்ள காரா (இந்தியாவின் மத்தியத் தத்தெடுப்பு அமைப்பு) தரும் தடையின்மைச் சான்று, அதற்கும் பிறகே குழந்தை உங்கள் கையில். முன்பு இந்த ஆணையை நீதிமன்றம் கொடுத்தது. 2021 திருத்தத்துக்குப் பின் ஆட்சியர்தான். பழைய குறிப்பை நம்பி அலைந்தால் மாதங்கள் வீண். வட்டத்துக்கு வெளியே இருந்தால், விவரம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். பத்திரம் பதிவாகியிருப்பது ஒன்று, குழந்தையை நாடு கடந்து அழைத்துவருவது வேறொன்று. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கையில் மலேசியா சேராத நாடு என்பதால், கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்திலும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

அடுத்து பெயர். ஐசியில் (அடையாள அட்டையில்) இருப்பது, தாத்தா காலத்துக் கிராணி (தோட்ட எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிவைத்த எழுத்துக்கூட்டல், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்). ஊர்த் தாள்களிலோ முன்னெழுத்து. ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக வந்தால் அதிகாரி மூன்று ஆளாகத்தான் பார்ப்பார். வளர்ப்புப் பெற்றோர் பெயர் எங்கே வந்தாலும் கடப்பிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். பழைய தாள்களில் வேறுபாடு இருந்தால், எல்லா வடிவங்களையும் குறிப்பிட்டு ஒரு சத்தியப் பிரமாணம் எடுத்து வையுங்கள். குழந்தைக்குப் புதுப்பெயர் சூட்டும் ஆசையை நடுவில் நுழைக்காதீர்கள்: ஆணையில் ஒரு பெயர், கடப்பிதழில் வேறு பெயர் என்றால் இரண்டில் ஒன்றை மறுபடி எடுக்க நேரும்.

ஒரு நாட்டின் தாள்களை வேறு நாட்டில் ஏற்கவைக்கும் அப்போஸ்டில் முத்திரைக்குப் பணம் கட்ட வேண்டாம், அப்போஸ்டில் உடன்படிக்கையில் மலேசியா இல்லை. மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சு, சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகம் என்ற வரிசையில் சான்றுறுதி வாங்குங்கள். தமிழில் மட்டும் உள்ள தாள்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் தேவை.

தத்தெடுப்பு ஆணை கிடைத்துவிட்டால் குழந்தை மலேசியர் ஆகிவிடும் என்று நினைப்பதும் தவறு. குடியுரிமைக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வர வருடக்கணக்கிலும் ஆகலாம். அதுவரை குழந்தை இந்தியப் பிரஜைதான். சிறுவர்களின் இந்தியக் கடப்பிதழ் 5 வருடமே செல்லும், அது காலாவதியானால் பாஸையும் நீட்டிக்க முடியாது. கடப்பிதழை முதலில் புதுப்பித்து, அதை வைத்துப் பாஸைப் புதுப்பியுங்கள்.