மலைப் பாலத்தைப் பார்க்க ஓடையில் இறங்குங்கள்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, கிளைச் சாலை பிரிகிறது. அந்தச் சாலையில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சின்னக் கல் வளைவுப் பாலம் ஒன்று இருந்தது. ஓரத்துக் கற்கள் பெயர்ந்ததும் அதை இடித்துவிட்டு, 900 மி.மீ. சிமெண்ட் குழாய் இரண்டைப் பதித்து, மேலே மண் நிரப்பிச் சாலை போட்டார்கள். அளவெடுத்தவன் நான். ஓடை வற்றியிருந்த மார்ச் மாதத்தில், சாலையில் நின்றபடியே அளந்தேன்.

2009 நவம்பர் மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் வேரோடு வந்து குழாய் வாயில் குறுக்கே விழுந்தது. அதன்மேல் லாண்டானாப் புதர், சேறு, கல் எல்லாம் அடைத்துக்கொண்டன. போக வழியில்லாத தண்ணீர் சாலையின் மேலேறி, கீழ்ப்பக்க மண்ணை அறுத்து, குழாய்களைத் தேயிலைக்குள் உருட்டிவிட்டது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்த வாரம் அது. எங்கள் ஓடையில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஹட்டியிலிருந்து ஒரு பிரசவ கேஸைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

முப்பது வருட வேலையில் லாரி பாரம் தாங்காமல் விழுந்த மலைப் பாலம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. விழுந்தவை எல்லாம் தண்ணீரால் விழுந்தவை. அதனால் பழுது பார்ப்பதோ புதிதாகக் கட்டுவதோ, வேலையை ஓடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெருமழை நின்ற மூன்று நான்கு நாட்களுக்குள் போங்கள். கடப்பாரை, சுத்தியல், டேப், சுண்ணக்கட்டி, ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்பு, இவை போதும். பாலத்திலிருந்து மேல்நோக்கி நூறு மீட்டர் ஓடைக்குள்ளேயே நடங்கள். தேயிலைச் செடியில் சிக்கிய சருகும் பாறையில் படிந்த சேற்றுக் கோடும் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று காட்டும். பக்கத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாக்களிடம் கேளுங்கள். "அந்தக் கல்லு முழுகிடுச்சு சார்" என்று அவர்கள் காட்டும் கல் எந்த அட்டவணையையும்விட எனக்கு உதவியிருக்கிறது.

அந்த வெள்ளக் கோட்டை வைத்துக் குறுக்குவெட்டை அளக்க வேண்டும். எங்கள் ஓடையில் அகலம் 3 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், பரப்பு 4.5 சதுர மீட்டர். சரிவு இருபதுக்கு ஒன்று. உருண்டைக் கல் நிறைந்த ஓடை என்பதால், ஓடும் நீரின் வேகத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரத்தில் சொரசொரப்பு எண்ணை 0.05 என்று எடுத்தேன். வேகம் வினாடிக்கு 3.7 மீட்டர், வெள்ளம் வினாடிக்கு ஏறக்குறைய 17 கன மீட்டர் என்று வந்தது. சரிபார்க்க, நீர்ப்பிடிப்புப் பரப்பிலிருந்து வெள்ளத்தைக் கணக்கிடும் ரைவ்ஸ் சூத்திரம் போட்டேன். சென்னை மாகாணத்துக்கென்று உருவான அந்தச் சூத்திரத்தில் மலையடுத்த பகுதிக்குக் குணகம் 10.2. நீர்ப்பிடிப்பு 1.5 சதுர கி.மீ. என்றால் 13 கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். இரண்டில் பெரியதை எடுத்தேன். இப்போது அந்த இரண்டு குழாயையும் பாருங்கள். சேர்ந்த பரப்பே 1.27 சதுர மீட்டர். அதே வேகத்தில் ஓடினாலும் 5 கன மீட்டர்கூடப் போகாது. மரம் வராவிட்டாலும் அந்தச் சாலை நின்றிருக்காது.

தண்ணீருக்கு வழி விடுவதை மலை ரயில் பாதையில் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை பாதை 46 கி.மீ., பாலங்கள் 250. அதாவது சராசரியாக 184 மீட்டருக்கு ஒன்று. குன்னூர் வரை 1899இல், ஊட்டி வரை 1908இல் ரயில் வந்தது. பாதை கட்டியவர்கள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வழி விட்டிருக்கிறார்கள். நாம்தான் இரண்டு பள்ளத்துத் தண்ணீரைச் சாலையோர வடிகாலில் சேர்த்து ஒரே சிறுபாலத்துக்குத் திருப்பிவிடுகிறோம். அப்படித் திருப்பிய வடிகால் ஏதேனும் இருக்கிறதா என்று மேலேயே பார்த்துவிடுங்கள். இருந்தால் உங்கள் கணக்கு முழுவதும் மாறும்.

அடுத்தது அடித்தளம். பாலத்தை இரு கரையிலும் தாங்கும் அபட்மெண்ட் சுவர் தரையைத் தொடும் இடத்தில் ஓரடி தூரத்துக்கு ஒரு தடவை கடப்பாரையைச் சாய்த்துக் குத்துங்கள். சுவருக்கு அடியில் உள்ளே போனால் மண் அரித்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில்தான் இது நடக்கும், ஏனென்றால் பாலத்தை விட்டு வெளியே விழும் தண்ணீர் அங்கே குழி பறிக்கும். அந்தக் குழி மழைக்கு மழை பின்வாங்கி அடித்தளத்துக்கே வந்துவிடும். லேசியின் அரிப்பு ஆழக் கணக்கு மணல் ஆற்றுக்கு உரியது. பாறையும் உருண்டைக் கல்லும் உள்ள ஓடையில் அதை மட்டும் நம்பாதீர்கள், குழி வெட்டிப் பாருங்கள். நல்ல பாறை கிடைத்தால் அதில் செதுக்கி உட்காரவையுங்கள். கிடைக்காவிட்டால் ஓடைத் தரையில் தளம் போட்டு இரு பக்கமும் தடுப்புச் சுவர் இறக்குங்கள். மேல்பக்கம் 2 மீட்டர், கீழ்ப்பக்கம் 2.5 மீட்டர் என்பது நான் வைக்கும் அளவு. அதற்கும் வெளியே கம்பி வலைக் கூண்டில் கல் அடுக்கினால், மண் இறங்க இறங்க அதுவும் வளைந்து இறங்கிக் காக்கும்.

கல் வளைவு நல்ல நிலையில் இருந்தால் தயவுசெய்து இடிக்காதீர்கள். சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் தட்டுங்கள். 'டங்' என்றால் திடம், 'டொப்' என்றால் உள்ளே சாந்து கரைந்துவிட்டது. வளைவுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே ஓடும் விரிசலைச் சரிசெய்யலாம். வளைவின் குறுக்கே சாலையின் அகலத்துக்கு ஓடும் விரிசல் ஆபத்தானது. அங்கே கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள். அது உடைந்தால் அசைவு நிற்கவில்லை. கனரக வண்டியை நிறுத்திவிட்டு, அடியில் முட்டுக் கொடுத்த பிறகே மற்ற வேலை.

பழைய சுண்ணாம்புக் கட்டுக்குச் சிமெண்ட் பூசுவது நான் எதிர்க்கும் பழக்கம். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, சுவரைத் துருத்தித் தள்ளும். பழைய சாந்தை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அடையுங்கள். எங்கள் மேஸ்திரி கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்ப்பார். ஈரச் சாக்குப் போட்டு இரண்டு வாரம் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் இதைச் செய்யவே கூடாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை உகந்த காலம்.

உள்ளே காலியாக இருந்தால் கிரவுட்டிங், அதாவது பால் போலக் கரைத்த சாந்தைத் துளை வழியே அழுத்திச் செலுத்துவது. கீழ்த் துளையில் தொடங்கி, மேல் துளையில் பால் வந்ததும் கீழதை அடைத்து மேலேறுங்கள். அழுத்தம் குறைவாகவே இருக்கட்டும், பழைய சுவர் வெடித்துவிடும். முடிந்ததும் வடிதுளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்து பாருங்கள். அவை அடைபட்டால் செய்த வேலை முழுவதும் வீண்.

புதிதாகக் கட்டும்போது வினாடிக்கு 3 முதல் 30 கன மீட்டர் வரையான வெள்ளத்துக்கு, நீர்மட்டத்துக்கும் பாலத் தளத்தின் அடிக்கும் நடுவே 600 மி.மீ. இடைவெளி விட வேண்டும். மரம் வரும் ஓடையில் நான் அதற்கும் மேலே விடுவேன். குழாய்களை இழந்த இடத்தில் பிறகு 5 மீட்டர் அகலத்தில் கான்கிரீட் பாலம் கட்டினோம், நடுவில் தூண் இல்லாமல், ஓர் ஆள் குனியாமல் உள்ளே போய்ச் சேறு வாரும் உயரத்தில். மேலே இருபது மீட்டர் தள்ளி, மரத்தைப் பிடிக்கப் பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டோம். அங்கே சேரும் குப்பையை அக்டோபருக்கு முன்பும் மழைக்கு நடுவிலும் அள்ளியாக வேண்டும்.

கட்டி முடித்ததும் அபட்மெண்ட் சுவரில் பெயிண்டால் அளவுக்கோடு போட்டு, ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் ஏறிய உயரத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்து அளவெடுக்க வருபவர் ஓடைக்குள் இறங்கினால்தான் படிக்க முடிகிற இடத்தில் எழுதுங்கள்.