ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் தகடுகளை மாற்றிப் பாருங்கள்

பின்பக்கம் நான்கு டெர்மினல் உள்ள ஸ்பீக்கர்களில் பொதுவாக மேல் ஜோடி ட்வீட்டருக்கு (உச்ச ஒலி தரும் சிறிய ஸ்பீக்கர்), கீழ் ஜோடி வூஃபருக்கு (தாழ் ஒலி தரும் பெரியது). இரண்டையும் இணைப்பது முலாம் பூசிய மெல்லிய தகடு. என் ஸ்பீக்கரில் குரல் மங்கியும் ட்வீட்டர் விட்டுவிட்டும் ஒலித்ததற்குக் காரணம் அதுதான்: திருகு தளர்ந்து, தகட்டில் கறை படிந்திருந்தது.

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுத் தகடுகளைக் கழற்றினேன். டெர்மினல்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். 2.5 சதுர மி.மீ. பல இழைச் செம்புக் கம்பியில் ஸ்பீக்கருக்கு இரண்டாக 12 செ.மீ. துண்டுகள் நான்கு வெட்டி, இரு முனையிலும் 12 மி.மீ. உரித்து, இழைகளை இறுக முறுக்கி, மேல் சிவப்போடு கீழ்ச் சிவப்பு, மேல் கறுப்போடு கீழ்க் கறுப்பு என இணைத்தேன். ஓர் இழை பிரிந்து பக்கத்தில் உள்ள வேறு நிற டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபையர் பழுதாகலாம்.

முனைக்கு ஈயம் பூச வேண்டாம். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, பிடி மறுபடி தளரும். செம்பு முலாமிட்ட அலுமினியக் கம்பியும் வேண்டாம். இறுக்கும்போது இழை எளிதில் ஒடியலாம்.

தகட்டுக்குப் பதில் போடும் விலையுயர்ந்த ஜம்பர் (இணைப்புக் கம்பி) தேவையே இல்லை. இந்த நீளத்துக்குச் செம்பின் மின்தடை ஒரு மில்லி ஓம்கூட வராது. பழைய தகடு சுத்தமாக, இறுக்கமாக இருந்தால் மாற்றினாலும் வித்தியாசம் கேட்காது. இரண்டு வாரம் கழித்துத் திருகுகளை மறுபடி ஒருமுறை கையால் இறுக்குங்கள்.