டிப்ரஷன் நாட்கள்ல மனச எப்படி சமாளிக்கிறது

காலைல கண்ணு முழிச்ச உடனே நெஞ்சு மேல அம்மிக்கல்ல வச்ச மாதிரி ஒரு பாரம். பல்லு விளக்கணும்னு நினைச்சாலே அழுகை வரும், சில நாள் அதுகூட வராது, வெறும் மரத்துப்போன மாதிரி இருக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் இப்படியே போகுது, தூக்கம் பசி எல்லாம் மாறிப்போச்சு, பிடிச்ச விஷயமும் பிடிக்கலன்னா அத சும்மா சோகம்னு விட்டுடாதீங்க, டாக்டர பாருங்க. தைராய்டு கம்மியா இருந்தாலும் இதே மாதிரி இருக்கும், அதனால ரத்தப் பரிசோதனை எழுதுவாங்க, பண்ணிக்கோங்க.

எனக்கு உதவினதுல முக்கியமானது இதுதான். மூட் சரியாகட்டும் அப்புறம் செய்யலாம்னு காத்திருந்தா அந்த மூட் வரவே வராது, ஏன்னா ஒண்ணும் செய்யாம படுத்திருக்க படுத்திருக்க மனசு இன்னும் கீழ போகும், கீழ போக போக இன்னும் படுக்கத்தான் தோணும். இந்த சுழற்சிய செயல் பக்கத்துல இருந்து உடைக்கணும்னு 1970கள்லயே பீட்டர் லெவின்சோன்ங்கிற அமெரிக்க உளவியலாளர் சொல்லிட்டாரு, இன்னைக்கும் கவுன்சிலிங்ல இத கத்துக்குடுக்குறாங்க, பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு பேரு.

செய்யறது எப்படின்னா, வேலைய வெக்கப்படற அளவுக்கு சின்னதாக்குங்க. சிங்க் நிறைய பாத்திரம் கிடந்தப்போ நான் ஒரு காபி டம்ளர் மட்டும் கழுவுனேன், அடியில காஞ்சுபோன பாலாடைய நகத்தால சுரண்டி, கழுவி கவுத்து வச்சேன், அன்னைக்கு அவ்வளவுதான். மறுநாள் ரெண்டு தட்டு. குளிக்க முடியலயா, துண்ட எடுத்து தோள்ல போட்டுட்டு பாத்ரூம் வரைக்கும் போங்க, முகம் மட்டும் கழுவிட்டு வந்தாலும் சரி. செய்யறதுக்கு முன்னாடி மனசு பத்துக்கு எவ்வளவு, செஞ்சப்புறம் எவ்வளவுன்னு ஒரு நோட்ல எழுதுங்க. ரெண்டு மூணா மாறியிருக்கும், பெருசா ஒண்ணும் இருக்காது. ஆனா ஒரு வாரம் எழுதினா எது உங்கள கொஞ்சம் தூக்குது எது அமுக்குதுன்னு கண்ணுல தெரியும், எனக்கு சாயங்காலம் மொட்டை மாடில பத்து நிமிஷம் நடக்கறது தூக்குச்சு, படுத்துக்கிட்டே போன் பாக்கறது அமுக்குச்சு.

ராத்திரிதான் கஷ்டம். பழசெல்லாம் வரிசையா வந்து நிக்கும், நான் எதுக்கும் லாயக்கில்லன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அதோட சண்டை போடாதீங்க, "நான் லாயக்கில்லன்னு எனக்கு இப்ப ஒரு நினைப்பு வருது"ன்னு மாத்தி சொல்லிப் பாருங்க. நினைப்பு வேற நீங்க வேறங்கிற சின்ன இடைவெளி கிடைக்கும். அப்பவும் தூக்கம் வரலன்னா புரண்டுக்கிட்டே கிடக்காம எந்திரிச்சு வேற இடத்துல கொஞ்ச நேரம் உக்காருங்க.

டிப்ரஷன்னா அழுகை மட்டும் இல்ல, எரிச்சலும்தான். அம்மா "சாப்டியா"ன்னு கேட்டதுக்கே நான் கத்தியிருக்கேன், அப்புறம் அந்த குற்ற உணர்ச்சில ரெண்டு நாள் போச்சு. நல்லா இருக்கிற நேரம் பாத்து வீட்ல சொல்லி வச்சுடுங்க, "நான் கத்துனா அது உன் மேல கோவம் இல்லம்மா, பக்கத்துல சும்மா இரு போதும்"னு.

மாத்திரை குடுத்தா பயப்படாதீங்க. பலன் தெரிய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகலாம், ஆனா குமட்டல் மாதிரி தொந்தரவு முதல் வாரமே வரலாம், அதனாலயே நிறைய பேர் பாதில விட்டுடுறாங்க. தொந்தரவு இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, நல்லாயிட்ட மாதிரி தோணினாலும்.

சாகணும்ங்கிற எண்ணம் வந்தா தனியா இருக்காதீங்க, மாத்திரை டப்பா, பூச்சி மருந்து எல்லாத்தையும் வீட்ல ஒருத்தர்கிட்ட குடுத்து பூட்டி வைக்க சொல்லுங்க. இந்தியாவுல 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபர்ல இருந்து 24 மணி நேரமும் இலவசமா இருக்கு, தமிழ்லயே பேசலாம். இலங்கைல 1926க்கு கூப்பிடுங்க. நம்பர இப்பவே போன்ல சேவ் பண்ணிடுங்க, அந்த நேரத்துல தேடறதுக்கு உடம்புல தெம்பு இருக்காது.